வீட்டுப்பட்டியல்: கோரையாற்றுத் தென்கரை

பள்ளியில் என்னிடம் மொத்தம் பதினொரு பிள்ளைகள்.
அவர்களைச் சத்துணவு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு
ஊரை எண்ணக் கிளம்பினேன்.
கைப்பேசியில் செயலி, கழுத்தில் அட்டை,
கதவில் எண் எழுதக் கறுப்பு மார்க்கர்.

முதல் வீடு பூட்டு.
இரண்டாம் வீட்டில் தைனீஸ்மேரி.
எத்தனை பேர்?
"நானும் ஃபிரிட்ஜும்."
மகன் திருப்பூரில். அவனுக்கும் ஒன்றுதான்,
போதும் என்று நிறுத்திவிட்டார்கள்.
அறைகள்?
"நாலு."
குடிநீர்?
"போர். அப்பா இருந்தப்ப நாப்பது அடி,
இது எரநூத்தி இருவது."

நாற்பது அடித் தண்ணீரை
ஒன்பது பேர் ஓர் அறையில் குடித்தார்கள் என்று
செயலி கேட்கவில்லை.
நானும் தட்டவில்லை.

நஜ்முதீன் வீட்டுக்கு நான்கு பக்கமும் கிரானைட்.
ஆட்கள் ஷார்ஜாவில்.
எண்ண ஒரு தலை இல்லை,
மொட்டைமாடித் தொட்டி மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
தானாக ஓடும் மோட்டார்;
நிறுத்தும் மிதவை பழுது.
கேட்டுக்கு வெளியே நின்று
கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.
பிறகு எழுதினேன்: 17. பூட்டியுள்ளது.

பழைய துணைச் சுகாதார நிலையச் சுவரில்
மனைப்பிரிவு விளம்பரம் அடித்திருக்கிறார்கள்.
அடியிலிருந்து சிவப்பு முக்கோணத்தின் ஒரு முனை
இன்னும் எட்டிப் பார்க்கிறது.
சுவர் சொன்னதை ஊர் கேட்டது.
இரண்டு என்றது, பெண்கள் ஒன்றில் நிறுத்தினார்கள்.
வீடு எத்தனை, போர் எத்தனை என்று
எந்தச் சுவரும் சொல்லியிருக்கவில்லை.

செங்கமலம் நகர்.
இரண்டு வேலி நஞ்சை, முப்பத்தெட்டு மனை,
மஞ்சள் அடித்த கற்கள்.
குறுக்குத் தெருக்களுக்குப் பெயர்ப்பலகை வந்தாயிற்று,
தெருவுக்கு ஆள் வரவில்லை.
நடுவில் ஓடிய கன்னி வாய்க்காலைத் தூர்த்தவர்கள்
வாய்க்காலிடம் சொல்லவில்லை போல.
போன கார்த்திகையில் அது வழக்கப்படி வந்து,
வழி இல்லாமல்
என் வகுப்பறைக்குள் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது.

காலனியில் வீராயி.
பெற்றது ஏழு, நின்றது மூன்று.
மகள் தமிழ்ச்சுடருக்கு ஒரே பெண்,
தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருஷம்.
"அந்தக் காலத்தப் பத்திப் பேசாதீங்க டீச்சர்,
குழி தோண்டியே கை காச்சுப்போச்சு."
கான்கிரீட் வீடு. கழிவறை. குழாய் உண்டு,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
போர் கேட்டு மனு போட்டிருக்கிறாள் தமிழ்ச்சுடர்.
இனிமேல் தோண்டினால் உப்புத்தானே வரும் என்று
வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
"ஊருக்குள்ள அறுபது போர் எறங்குனப்ப வராத நெனப்பு
எங்க தெருவுக்கு வர்றப்பதான் வருதா?"
அடுத்த கேள்வி தொலைக்காட்சி உண்டா என்பது.
கேட்கக் கூச்சமாக இருந்தது.

கடைசியாக மோட்டார் கொட்டகை.
அதில் பதினான்கு பேர், ஒரு கேஸ் அடுப்பு.
குறுவை நடவுக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள்.
நம் வயலில் நாற்றுப் பிடிக்க
நம் பட்டியலில் கைகள் இல்லை.
எண் எழுதக் கதவும் இல்லை;
ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே எழுதினேன்.
சுபல் மண்டல் ஒரு சொம்பு நீட்டினான்.
"தண்ணி உப்பு அக்கா. ஊர்லயும் உப்பு.
கடல் வயலுக்குள்ள வந்திச்சி."
இங்கேயும் கிழக்கே போகப் போக அப்படித்தான் என்றேன்.
குடித்தேன். உப்புத்தான்.

மாலையில் கூட்டிப் பார்த்தேன்.
போன எடுப்பில் தொண்ணூற்றாறு வீடு, ஐந்நூற்றுப் பதினொரு பேர்.
இப்போது நூற்று நாற்பத்து மூன்று வீடு, நானூற்றிரண்டு பேர்.
தலை குறைந்து கூரை கூடிய ஊர்.
கொட்டகைக்காரர்களைச் சேர்த்துத்தான் அந்த நானூறும்.
மன்னார்குடியில் என் வீட்டுக்கும் ஒருவர் வந்திருப்பார்.
மூன்று பேர், நான்கு அறை, இருநூற்றைம்பது அடி.

சுபலுக்கு ஒரு மகள். ஜும்பா, ஆறு வயது.
நடவு முடிந்தால் ஆந்திராவாம்.
பள்ளிக்கு அனுப்பு என்றேன்.
பாதி அவளுக்காக.
பாதி, பதினொன்று பத்தானால்
பூட்டிவிடுவார்கள் என்ற பயத்துக்காக.

வருகைப் பதிவேட்டில்
பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்:
பன்னிரண்டு.