காற்றுக்கு மேல்பக்கம்

சோளகம் பிடித்து மூன்றாம் நாள்.
சாட்டிக் கரைக்கு நான் வந்து சேர முன்னமே
பள்ளிக்காரர் தடி நட்டு
மஞ்சள் கொடி கட்டிவிட்டார்கள்.
தடிக்குத் தெற்கே அவர்கள்.
வடக்கே "தனியாட்கள்".
அப்படித்தான் எங்களுக்குப் பெயர்,
வீடு வாசல் இல்லாதவர்களைச் சொல்வதுபோல.

சோளகத்தில் தெற்கென்றால் மேல்காற்று.
அவர்களின் மாணவர் கைநழுவ விடுவதெல்லாம்
எங்கள் தலைக்குத்தான் வரும்.
போன ஞாயிறு வந்தது:
பன்னிரண்டு மீற்றர் ஒறேஞ் பட்டம்,
அதன் பின்னால் கடலை உழுதபடி ஒரு பெடியன்,
அவனுக்குப் பின்னால் விசிலோடு கிளாட்வின்.
என் கயிறு நான்கும் அவன் கயிறு நான்கும்
பின்னிய பின்னலைப் பிரிக்க
மத்தியானம் முழுக்கப் போனது.

என்னுடையது ஒன்பது மீற்றர். பழசு.
கற்பிட்டியில் யாரோ ஜேர்மன்காரன் விட்டுப்போனதை
வங்கிச் சம்பளத்தில் நாலு தவணைக்கு எடுத்தேன்.
விளிம்பில் மூன்று ஒட்டு.
விண் பூட்டாத பட்டம், கூவாது.
கயிறுகள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இரையும்.
எனக்குக் கிடைப்பது ஞாயிறும் போயாவும்.
அந்த நாள் பார்த்துத்தான்
கொழும்பு வான் இரண்டு வந்து நிற்கும்.

எங்கள் ஆட்களும் சும்மா இல்லை.
படம் எடுக்கவென்று தயாபரன்
பழகுகிறவர்களின் தலைக்கு மேலால் பாய்வான்.
ஒரு பிள்ளை பயத்தில் பட்டையைக் கழற்றி
நடந்தே கரைக்குப் போனாள்.
அதை நான் கண்டும்
காணாததுபோல் திரும்பி ஓடினேன், நல்ல காற்று.

கூட்டம் கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடத்தில்.
பிளேன்ரீ, மாரி பிஸ்கற்,
கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனையால் ஒரு கரை.
கிளாட்வின் சொன்னான்:
"ஆறு பேருக்குச் சம்பளம் குடுக்கிறன்.
நீங்கள் விழுந்தெழும்பிப் பழகேக்கை
ஒருத்தரும் விலத்தி விடேல்லையோ?"
தயாபரன் மேசையில் குத்தினான்.
ஒரு பிஸ்கற் பிளேன்ரீக்குள் விழுந்தது.

அதுவரை கைபேசி பார்த்துக்கொண்டிருந்த
சங்கச் செயலாளர் றெஜினா தலை நிமிர்ந்தாள்.
"வாடை எழும்பினால்?"
ஒருவரும் பேசவில்லை.
வாடை எழும்பினால் வடக்கு மேல், தெற்கு கீழ்.
பேனைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும்,
நியாயம் மட்டும் பக்கம் மாறும்.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:
களங்கண்டித் தடிகளுக்கு உள்ளே யாரும் போவதில்லை
(அது றெஜினா சொன்னது, முதலில் எழுதச் சொன்னதும் அவள்தான்).
பழகுகிறவருக்கு வழி விடுவது.
மேல்காற்றில் நிற்பவர் பட்டத்தை உயர்த்துவது,
கீழ்க்காற்றில் நிற்பவர் தாழ்த்துவது.
கொடியைப் பற்றிப் பேச்சு முடியவில்லை.
தயாபரன் கையெழுத்து வைக்காமல் எழும்பிப் போனான்.

பின்னேரம் காற்று இன்னும் ஏறியது.
கடலில் நான் மட்டும் மிஞ்சினேன்.
தோள் விட்டுப்போய்க் கரைக்கு வந்தபோது
பட்டத்தைப் பிடித்து இறக்க ஒரு ஆள் இல்லை.
தனியாக ஓடலாம், தனியாக விழலாம்,
இறங்குவதற்கு மட்டும் இன்னொரு சோடிக் கை வேணும்.
உள்ளங்கையால் என் தலையைத் தட்டினேன்.
இந்த விளையாட்டில் அதற்கு
என்னை இறக்கிவிடு என்று அர்த்தம்.
மற்றவர்கள் கண்ணுக்கு
விதியை நொந்து தலையில் அடிப்பவள்போல் இருந்திருப்பேன்.

மஞ்சள் கொடி தாண்டி ஒருவன் ஓடிவந்தான்.
ஒறேஞ் பட்டத்துப் பெடியன்.
"கயித்துக்குள்ளை வராதை! அங்காலை, அங்காலை!"
இரண்டு தரம் தவறவிட்டு
மூன்றாம் தரம் கட்டிப்பிடித்தான்,
கன்றுக்குட்டியை மடக்குவதுபோல்.
கவிழ்த்துவைத்து மண் அள்ளிப் போட்டான்,
தேவைக்கு நாலு மடங்கு.

"சரியோ அக்கா?"

தடி அவர்கள் பக்கம் நின்றது.
கொடித்துணி முழுக்க
எங்கள் பக்கம் விழுந்து படபடத்தது.

"நாளைக்கும் வருவியளோ?"

"நாளைக்குத் திங்கள்" என்றேன்,
ஒட்டுகளில் இருந்து மண்ணைத் தட்டியபடி.