பேரிக்காய்

முப்பது நாள் யோசிக்கச் சொன்னார்கள்.
யோசித்தோம்.
இன்று முத்திரை குத்தி
ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள்.

லான்ஜோ, பதிவு அலுவலக வாசல். மணல் காற்று.
வண்டிக்காரியிடம் ஒரே ஒரு பேரிக்காய் வாங்கினான் யான்பிங்,
கத்தியும் இரவல் கேட்டான்.

பதினோரு வருடம் எங்கள் வீட்டில்
பேரிக்காயை இரண்டாக நறுக்கியதில்லை.
ஃபென் லீ:
பழத்தைப் பங்கிடு என்றாலும்
பிரிந்து போ என்றாலும்
எங்கள் காதுக்கு ஒரே ஒலி.
கடைசிப் பழம் மிஞ்சினால்
முழுசாக நீயே தின்னு என்பான்,
நீயே தின்னு என்பேன்.
அப்படி அழுகிப்போனவை எத்தனையோ.

இனி என்ன பயம்.
பெரிய பாதியை நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
இருக்கட்டும் என்றான்.
ஐயோ, நீங்களே சாப்பிடுங்கள் என்றேன்.
மூன்றாம் முறையும் நீட்டினான்.

விருந்தாளிகள் பேசிக்கொள்ளும் பேச்சு இது.
என் தட்டிலிருந்து
கேட்காமல் எடுத்துத் தின்றவன் அவன்.

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
இரண்டு கைகளாலும் வாங்கினேன்,
முறைப்படி.

சாறு முழங்கை வரை வழிந்தது. நல்ல இனிப்பு.
வண்டிக்காரி
கத்தியைத் திருப்பிக் கேட்டாள்.