மூன்றாம் தட்டு

கிள்ளானிலிருந்து லாரியில் வந்த பெட்டியை
சாமி படங்களுக்கும் சாம்பிராணிக்கும் நடுவில்
வைத்துப் பிரித்தேன்.
பதினொரு நாவல், நான்கு சிறுகதைத் தொகுப்பு.
ஒன்று மட்டும் வழியில் நனைந்து
அப்பம்போல் உப்பியிருந்தது.

'கற்பூரம் ஓடும், கதை ஓடாது' என்பார் முதலாளி.
மூன்றாம் தட்டை எனக்கு விட்டிருக்கிறார்.
நாட்காட்டி விற்கும் மாதங்களில்
அதையும் கேட்பார்.

பின்னட்டையை நான் நம்புவதில்லை.
எல்லாமே மானுடத்தின் ஆழம் என்கிறது.
பீடோங்கில் அந்த ஆழத்தை
யாரும் வந்து கேட்டதில்லை.
கேட்பது வேறு:
'யாரும் சாகாத கதை இருக்கா?'
'எழுத்துப் பெருசா இருக்கா?'
'இருபது வெள்ளிக்குள்ள?'

அதனால் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில்
நானே சீட்டு எழுதிச் செருகுகிறேன்.

நீல அட்டை.
கணவன் தொலைந்துபோகிறான்.
அவள் தேடப் போவாள் என்று பார்த்தால்
நாற்பதாம் பக்கத்தில் தையல் மிஷின் வாங்குகிறாள்.
இது டயாலிசிஸ் மையத்து நர்ஸ் குணவதிக்கு.
நான்கு மணி நேரம் ரத்தம் சுற்றிவரும்போது
கட்டிலுக்குக் கட்டில் கேட்கும்படி
வாசித்துக் காட்டுகிறவள்.
அத்தியாயங்கள் குட்டை என்பதையும் குறித்திருக்கிறேன்.

தடிப்புத்தகம், கொலைக்கதை.
யார் செய்தது என்று பாதியிலேயே தெரிந்துவிடும்,
அதற்குப் பிறகுதான் கீழே வைக்க முடியாது.
செம்பனைக் குலை ஏற்றும் மரியசூசைக்கு.
ஆலை வாசலில் எடைமேடை வரிசையில்
லாரி நகர்ந்தால் அவன் நகரமாட்டான்,
பின்னால் ஹாரன் அடிக்கவேண்டும்.
பக்கத்தை மடிக்காதே என்று
இந்தச் சீட்டிலும் எழுதியாயிற்று.

நனைந்த தொகுப்பில் முதல் இரண்டு கதை சுமார்.
மூன்றாவதை நின்றபடியே படித்தேன்.
ஊதுபத்திக்கு வந்தவர்
சில்லறையை மேசையில் வைத்துவிட்டு
தானே எடுத்துக்கொண்டு போனார்.
பாதி விலை. யாருக்கென்று
இன்னும் தெரியவில்லை.

போன வருடம் ஒரு தப்புச் செய்தேன்.
தோட்டத்தைப் பற்றிய புது நாவல்,
அப்பளசாமியிடம் நீட்டினேன்.
முப்பத்தொரு வருடம் பால்மரம் வெட்டியவர்,
வீட்டில் தெலுங்கு, வாசிப்பது தமிழ்.
'உங்க கதைதான்' என்று வேறு
சொல்லித் தொலைத்தேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது.
ஓரமெங்கும் பென்சில்.
'மத்தியானம் வெட்டினால் பால் இறங்காது.'
'கிராணி இப்படித் திட்டமாட்டான்.
மரியாதையாகத்தான் பேசுவான், அதுதான் வலிக்கும்.'
'நெற்றி விளக்கை அணைக்க மறந்துவிட்டாள்,
விடிந்து இரண்டு பக்கம் ஆகிறது.'
அவள் குளியலறையில் அழும் இடத்தில்
திருத்தம் இல்லை.
சின்னதாக ஒரு சரிக் குறி.

காசைத் திருப்பிக் கேட்பாரென்று
கல்லாவைத் திறந்தேன்.
'இவரு அடுத்தது எழுதினா சொல்லும்மா'
என்றார்.

அந்தப் பிரதியை விற்கவில்லை.
கறைபட்டது என்று கணக்கில் எழுதிவிட்டு
பென்சிலோடு இரவல் கொடுக்கிறேன்.
ஆறு பேர் கை மாறியபின்
மத்தியானப் பாலுக்குக் கீழே
நீலப் பேனாவில் யாரோ:
'காலையில் மழை பெய்தால்
மத்தியானமும் வெட்டவிட்டார்கள்.
நீங்கள் எந்தத் தோட்டம்?'
இன்னும் அவரிடம் காட்டவில்லை.

இந்தப் பெட்டியில் அதே ஆளின் அடுத்த நாவல்.
தோட்டமே கிடையாது.
தமிழ்நாட்டில் ஏதோ ஊர், ஒரு வங்கிக் கிளை,
இரண்டு குமாஸ்தா, காணாமல்போன சாவி.
என்ன எழுதிச் செருகுவது?
சீட்டை வெறுமையாக விட்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தார்,
கையில் சந்தைப் பை, அதில் கருவாட்டு வாசம்.
'பேங்க் கதை ஐயா,
உங்களுக்குத் தெரிஞ்ச எடம் இல்ல.'
'அதனால என்ன,
பேங்க்ல வரிசையில நின்னிருக்கேனே.'

நடுவில் பிரித்தார். படிக்கவில்லை.
அச்சுக்கும் விளிம்புக்கும் இடையே
கட்டைவிரலை வைத்து அளந்தார்.

முப்பத்தெட்டு வெள்ளி.
பேரம் பேசவில்லை.