ஒரு வால் குறைவு

தலைநகரிலிருந்து வந்த பெட்டியில்
நாற்பத்தொரு சான்றிதழ்கள்.
தங்க விளிம்பு, வல்லூறு முத்திரை,
கையெழுத்துகூட அச்சிலேயே.
எங்கள் பெயர்களை அங்கே யாரோ
ரஷ்ய எழுத்து முப்பத்து மூன்றை வைத்தே
சமாளித்திருந்தார்கள்.
எங்களுடைய மிச்ச மூன்று
அவர்கள் கணினிக்குத் தெரியாதாம்.

அத்-பாஷி வட்டாரக் கல்வி அலுவலகத்தில்
நான் எழுத்தர்.
பத்தொன்பது வருடத்தில் ஒருமுறையும்
மேடை ஏறியதில்லை.
என் கை ஏறியிருக்கிறது.

விடிந்தால் விழா.
கறுப்பு மையும் சவர பிளேடுமாக உட்கார்ந்தேன்.
வட்ட எழுத்துக்கு இடுப்பில் ஒரு கயிறு.
கவட்டை எழுத்தின் வளைந்த அடியைச் சுரண்டி
நிமிர்த்த வேண்டும், தாள் கிழியாமல்.
ஒற்றைப் படி ஏணி மாதிரி இருப்பதற்கு
வலக்காலில் ஒரு வால்,
ஆட்டுக்குட்டி வாலளவு,
அதற்கு மேல் போனால் அசிங்கம்.
ஒமுர்ஸாக். குல்ஸூன். தாங்சுலூ.
பத்து மணிக்கு மின்சாரம் போனது.
மெழுகுவத்தியில் மீதி.

மே இருபத்தைந்திலும் கணவாயில் பனி.
அதிகாரி வந்து சேர இரண்டு மணி நேரம்.
பண்பாட்டு மாளிகையில் கோட்டு கழற்றாத பெரியவர்கள்,
தலையில் வெள்ளை ரிப்பன் பூ வைத்து
முழங்கால் நீலம் பாய்ந்த சிறுமிகள்.
'எதிர்காலம்' என்று பதினோரு தடவை சொன்னார்.
எண்ணியது நானில்லை,
பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியார்.

சிறந்த ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு மின்கெண்டி.
இயற்பியல் தாங்சுலூ வாங்கிக்கொண்டு இறங்கினாள்.
அடுத்து மாணவர்கள்.
நாட்டளவில் இரண்டாம் இடம் என்று சொல்லி
"ஜெனிஷ்" என்றார்.
யாரும் எழவில்லை.
"ஜெனிஷ்!"
பின்வரிசையில் ஒரு குரல்:
"ஜெங்கிஷா? அவன் மேய்ச்சலுக்கு மேலே போயிட்டான்,
குதிரை குட்டி போடுது."
அரங்கம் சிரித்தது. அதிகாரியும் கொஞ்சம்.
தாங்சுலூ கெண்டியோடே மறுபடி ஏறினாள்.
படம் எடுப்பவன் "சிரிங்க" என்றான்.
"இது அவனோடது," என்றாள்,
"அவன் சிரிப்பை நான் எப்படிச் சிரிக்க?"

கூட்டம் கலைந்தபின் என் மேசைக்கு வந்தாள்.
சான்றிதழை விரித்து வைத்து
நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டாள்.
"வால் இல்லை."

நாற்பத்தொன்றில் அது ஒன்று.
விளக்குப் போன நேரமாக இருக்கும்.
"ஜெங்கிஷ்னா வெற்றி, எப்படி எழுதினாலும் புரியும்"
என்று ஏதோ சொன்னேன், வெட்கத்தில்.
"புரியும்.
ஆனா போன வருஷம் பரீட்சையில
விசைக்கு மேல அம்புக்குறி விட்டுட்டான்.
விடை சரி. அரை மார்க் குறைச்சேன்.
திசை இல்லாத விசை எந்த ஊருக்குப் போகும்னு
எல்லார் முன்னாலயும் கேட்டேன்.
அவன் முத்திரையைப் பார்க்க மாட்டான்.
இதைத்தான் பார்ப்பான்."

பேனாவை எடுத்தேன்.
மேடையில்லை, கைதட்டில்லை,
இரண்டு பெண்கள் ஓர் எழுத்தின் காலைக்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
மை காயுமட்டும் அவள் ஊதினாள்.
கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
காற்றில் மடங்காமல்
சூப்புத் தட்டைப் பிடிப்பதுபோல்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

கெண்டி என் மேசையிலேயே நின்றுவிட்டது.
தொலைபேசியில் சொன்னதற்கு
"இருக்கட்டும், குட்டி பெண்குட்டியாம்" என்றாள்.
எதற்கு எது பதில் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடப் பெட்டியும் வந்துவிட்டது.
இன்னும் பிரிக்கவில்லை.
கெண்டியில் தண்ணீர் சத்தம் போட ஆரம்பிக்கிறது.