இன்றைய தேதியில்

லிங்கன் நகரில், மூன்றாம் மாடியில், வாடகை அறை.
நீதிபதிக்கு இடப்பக்கம் என் நாற்காலி.
எனக்குச் சட்டம் தெரியாது.
அதற்காகத்தான் உட்கார்த்தியிருக்கிறார்கள்.
முப்பத்தொரு வருடம் நர்ஸ்;
படுக்கைப்புண்ணை வாசலிலேயே மோந்து சொல்லிவிடுவேன்.

எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கோப்பு.
வடகடலோரம் ஒரு முதியோர் இல்லம், பத்தொன்பது பேர்,
பதிவை ரத்து செய்தாயிற்று.
ரத்தை எதிர்த்து வந்திருப்பவர் வின்னி ஓல்டிராய்ட், உரிமையாளர்.
நல்ல கோட்டு, பொத்தான் ஒன்று மட்டும் வேறு நிறம்.
வீட்டை அடகு வைத்துக் கொதிகலன் மாற்றியிருக்கிறார்.
ரசீதை நீட்டும்போது கை நடுங்குகிறது.
பொய்யின் நடுக்கம் வேறு மாதிரி. இது அது இல்லை.

ஆய்வாளர் திசில்வெய்ட் படிக்கிறார்:
குளியல் குழாயில் ஐம்பத்தெட்டு டிகிரி.
புதன்கிழமை காலை பத்து மணிக்கே
வியாழன் இரவு மாத்திரைக்குக் கையெழுத்து.
பக்கம் முந்நூற்று நான்கு, பாருங்கள்.
பார்த்தேன்.
வராத இரவின் மாத்திரையை
யாரோ விழுங்கி முடித்திருந்தார்கள்.

வக்கீல் எழுகிறார். புதுச் செருப்பு, அடி வைத்தால் கிறீச்.
"அன்று எப்படி இருந்தது என்பதல்ல கேள்வி,
இன்றைய தேதியில் எப்படி இருக்கிறது?"
சரிதான், அதுதான் சட்டம்.
நீதிபதி தலையசைக்கிறார். நானும் குறித்துக்கொள்கிறேன்:
இன்றைய தேதியில் குழாய் நாற்பத்துமூன்று டிகிரி.
இன்றைய தேதியில் இரவுக்கு இரண்டு பேர், முன்பு ஒருவர்.
இன்றைய தேதியில் மருந்தலமாரிக்குப் பூட்டு.

இன்றைய தேதியில் இல்லவாசி ஏழு இல்லை.

கோப்பில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான்.
ஏழு, ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர்.
பேச்சு நின்று இரண்டு வருடம்.
பிப்ரவரியில் நிமோனியா. யார்மேலும் பழியில்லை
என்கிறது சான்றிதழ்; நானும் நம்புகிறேன்.
ஆனால் பக்கம் நானூற்றுப் பத்தொன்பது,
இரவுக் குறிப்பு, நீல மை:

குளிக்க மறுத்தார்.

குளிக்க மறுத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

மறுத்தார். இரண்டு பேர் கூப்பிட்டுக் குளிப்பாட்டியது.

ஒத்துழைத்தார்.

மூன்று முறை மேல்முறையீடு செய்திருக்கிறார் மனுஷன்,
வக்கீல் இல்லாமல், வாய் இல்லாமல்,
கதவு நிலையில் ஏறிய பத்து விரல்களோடு.
மூன்றும் தள்ளுபடி.
ஏன் என்று கேட்டு
ஒருவர்கூடத் தண்ணீரில் கை வைக்கவில்லை.

கதவை மூடிக்கொண்டு பேசினோம், மூவரும்,
ஆறிய தேநீர், நான்கு மணிக்கே இருட்டு.
ரத்து உறுதியானால் நவம்பர் குளிரில்
பத்தொன்பது கட்டிலும் ஊர் ஊராகப் போக வேண்டும்.
இடம் மாறிய வாரத்திலேயே
வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தவர்களை
நான் எண்ணியதில்லை. எண்ணியிருக்கலாம்.
மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது, ஆறு நிபந்தனைகளுடன்.
கையெழுத்திட்டேன்.
பேனா திணறியது என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகவே எழுதியது.

ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னேன், ஏழைப் பற்றி.
நீதிபதி நல்லவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
முடிவுக்கு அது தேவைப்படவில்லையே.
தேவைப்படவில்லைதான்.

லிஃப்ட்டில் வின்னி ஓல்டிராய்ட்டும் நானும் மட்டும்.
என்னோடு பேசக்கூடாது, அவருக்குத் தெரியும்,
இரண்டாம் மாடி வரை பேசவில்லை.
பிறகு, கதவைப் பார்த்தபடி,
"கிறிஸ்துமஸுக்குக் குழாய் பதினொன்றும் புதிது" என்றார்,
அழுதார்.
நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பில் ஒரே ஒரு பக்கத்தில் கறுப்பு மை சரியாகப் படியவில்லை.
விளக்கில் பிடித்தால் ஏழின் பெயர் தெரியும்.
இங்கேயும் எழுதப் போவதில்லை, சட்டம் சட்டம்தான்.
சின்னப் பெயர்.
குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று
ஒரு மூச்சில் கூப்பிட்டுவிடலாம்.