இருபத்தெட்டு கிலோ

விடியுமுன் கீழ்க்கூடம் துடைப்பவன் நான்.
அல்மாக்ரோவில் ஒன்பது மாடி, ஒரே மின்தூக்கி.
யார் வீட்டு நாய் வருகிறதென்று
நகச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

ஏழாம் மாடிப் பையன்
கண்ணின் நீலத்துக்காக ஹஸ்கி வாங்கினான்.
ஜனவரி வந்தது. புவெனஸ் அயர்ஸின் ஜனவரி.
பனிக்கென்று பிறப்பிலேயே போர்த்திய கம்பளியைக்
கழற்றி மாட்ட அதற்கு ஆணி ஏது?
என் ஈரத் தரையில் வயிறு பரப்பிக் கிடக்கும்.
அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவேன்.

இரண்டாம் மாடி பார்டர் கோலி
ஆடில்லாத வீட்டில் பிள்ளைகளை மேய்த்தது.
மூன்று பேரையும் சோபா மூலைக்கு ஓட்டிச் சேர்த்து
தலை எண்ணி முடித்த பிறகும்
மாலை மிச்சமிருந்தது.
கதவைத் தின்றது.
மார்ச்சில் லா பாம்பா பண்ணையிலிருந்து வண்டி வந்தது.
பிள்ளைகள் அழுதார்கள்.
நாய் திரும்பிப் பார்க்கவில்லை.
யார் குற்றமென்று என்னைக் கேட்காதீர்கள்;
புதுக் கதவுக்குச் சாயம் அடித்தவன், அவ்வளவுதான்.

நான்காம் மாடி இர்மா சபலேத்தா
நாடகக் கம்பெனிக்கு உடை தைப்பவள்.
முப்பத்தெட்டு சதுர மீட்டரையும்
அளவு நாடாவால் அளந்து பார்த்து
மடியில் அடங்குகிற ஒன்றைத் தேடிப் போனாள்.
காப்பகத்துப் பெண் மடியைப் பற்றிக் கேட்கவில்லையாம்.
எத்தனை மணிக்குக் கிளம்புவாய்?
மழையிலும் நடப்பாயா?
கீழ்வீட்டுக்காரருக்குத் தூக்கம் எப்படி?
உனக்குக் காய்ச்சலென்றால் அதை யார் பார்ப்பது?
கடைசியில் மூலையிலிருந்த குட்டி டெரியரைக் காட்டி
'அது ஆறு கிலோ இடி' என்றாளாம்.

வந்து சேர்ந்தது கால்கோ.
பந்தயம் ஓடி ஓய்ந்த வேட்டைநாய்.
மானின் கால். தொடையில் கம்பி கிழித்த தழும்பு.
பெயர் மான்சா.
எடை இருபத்தெட்டு. கட்டட விதியில் பத்து.

ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு
ஓடவில்லை. தூங்கியது.
காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை,
நடுவே பகலையெல்லாம் உதறிப் போட்டுத் தூங்கியது.
சோபா அதற்கு.
இர்மா தரையில் உட்கார்ந்து தைத்தாள்.

சும்மா வளரவில்லை.
ஜூலைக் குளிருக்கும் அதன் எலும்புக்கும் இடையே
தோல் மட்டும்தான்;
மேடையில் செத்த ராஜாவின் வெல்வெட்டில்
ஒரு மேலங்கி தைத்தாள்.
கழுத்தைவிடத் தலை ஒடுக்கம்,
கடைப் பட்டை நழுவும்,
நாலு விரல் அகலத்தில் அதையும் தைத்தாள்.
தெருவில் கயிற்றை விட்டதே இல்லை.
ஒரு பூனை போதும்,
மான்சா இன்னொரு பேட்டையில் இருக்கும்.
என் கூடத்து மெழுகில் ஒருநாள்
நாலு காலும் நாலு திசைக்குப் போயின.
மெழுகு பூசுவதை நிறுத்திவிட்டேன்.
நிர்வாகத்திடம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் கூட்டம்.
மூன்றாம் மாடி ஃபகுந்தெஸ்
தலைக்கு மேல் குதிரை நடக்கிறதென்று
நாற்பது நிமிடம் பேசினார்.
அவர் மடியில் அவருடைய நாலு கிலோ
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூடக் குரைத்தது.
கை தூக்குங்கள் என்றபோது
யாரோ காலை நீட்ட
மேசைக்கடியிலிருந்து ஒரு பெருமூச்சு.
ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் படுத்திருந்திருக்கிறது.
சிரித்தார்கள்.
அப்படியும் ஐந்துக்கு நாலுதான்.

நேற்று மின்தூக்கி நின்றுவிட்டது.
ஓடுதளத்தில் படி ஏது?
முதல் படியில் முன்னங்காலை வைத்து
தரை ஏன் இப்படி மடிந்து கிடக்கிறதென்று
என்னைப் பார்த்தது.
பாலாடைக்கட்டி காட்டினோம்.
ஒரு படி. இரண்டு.
மூன்றாவதில் உட்கார்ந்துகொண்டது.

தூக்கினேன்.
எனக்கு ஐம்பத்தொன்பது, என் இடுப்புக்கு அதைவிட அதிகம்.
அதன் நெஞ்சு என் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது
ஃபகுந்தெஸ் கதவைத் திறந்தார்.
என்னைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.
செருப்பை மாட்டிக்கொண்டு வந்து
பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்குள்
நாலு கிலோ குரைத்துக்கொண்டே இருந்தது.