தொட்டிப்பாலத்தில் அம்புக்குறி

முழங்காலுக்குக் கீழே தகடு வைத்து நாற்பது நாள்.
ரப்பருக்கென்ன,
யார் வெட்டினாலும் பால் வடிகிறது.

ஷைனியின் போனில் காலையில் பிரமிடு ஏறினேன்.
பாரிசுக்குப் பக்கம் ஓர் அரண்மனை,
செருப்பைக் கழற்றச் சொல்ல ஆளில்லை.
கண்ணாடிக் கூடத்தில்
இடமும் வலமும் விரலால் திருப்பினேன்,
எந்தக் கண்ணாடியிலும் நானில்லை.

சாயா குடித்துவிட்டுச் சும்மா அடித்துப் பார்த்தேன்:
மாத்தூர்.
வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்.
கீழே பறளியாறு, மேலே தொட்டியில் தண்ணீர்,
அம்பை அழுத்த அழுத்த
தாவித் தாவி நகர்ந்தது பாலம்.

அந்த முனையில்
அன்னாசித் தட்டோடு லில்லிபாய்.
முகத்தை மெழுகிவிட்டிருக்கிறார்கள்.
எனக்குத் தெரியாதா
வளையலில் கோத்த ஊக்கு?

பக்கத்தில் ஒருவன். அவன் முகமும் புகை.
கட்டம்போட்ட சாரம் என்னுடையது.
இரண்டு காலிலும் நிற்கிறான்.
அவனைத் தாண்டிப் போக அம்பு இல்லை.

கூப்பிட்டுக் காட்டினேன்.
மீன் கழுவிய கையைத் துடைத்துக் குனிந்தவள்
அவனைப் பார்க்கவேயில்லை.
தட்டைப் பெரிசாக்கச் சொல்லி எண்ணினாள்:

“ஏழு கீத்து அப்படியே கெடக்கு.
அன்னைக்கு மழையாக்கும்.
பாதியும் விக்கேல.”